ஜூலை 30 நமக்கு என்ன நாள்?

ஜூலை 14 என்ன நாள் என்று புதுச்சேரியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பாஸ்டில் தினம். முந்தின நாள் மாலையே விளக்கேந்திய ஊர்வலம் போகும். மறுநாள் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். பிரெஞ்சுக் கொடியும் நம் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும், பத்திரிகைகளில் படம் வரும். அதில் எந்தத் தவறும் இல்லை. இந்த ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் உண்டு, அவர்களுக்கு அது நெஞ்சோடு ஒட்டிய நாள்.

அதே மாதம், பதினாறு நாள் கழித்து, ஜூலை 30 வருகிறது. அன்றைக்கு என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளை மட்டுமல்ல, நாற்பது வயது தாண்டியவர்களையும், வாத்தியார்களையும், மேடையில் பேசுகிறவர்களையும் கேட்டுப் பாருங்கள். பழைய மில் தொழிலாளி வீட்டுக்காரர் யாராவது இருந்தால் ஒருவேளை சொல்லுவார். மற்றவர்கள் யோசிப்பார்கள். நம் ஊரைப் பற்றி நாமே இப்படி யோசித்து நிற்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து செய்த தவறு இது.

1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது பெரிய சொத்தல்ல. வேலை நேரத்துக்கு ஒரு அளவு வேண்டும், எட்டு மணி நேர வேலை வேண்டும், சங்கம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பாண்டிச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள். சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில். பின்னாளில் சவானா மில் சுதேசி மில்லானது, கெப்ளே மில் பாரதி மில்லானது, ரோடியர் மில் ஏ.எஃப்.டி. என்ற பெயரில் நம் காதில் விழுந்தது. முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, உப்பளம், அரியாங்குப்பம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் சிறுவர்களும் விடியும் முன் ஆலைக்குள் போய், இருட்டின பிறகு வெளியே வந்த காலம் அது. சங்கம் சேர்ந்தால் குற்றம், கூடிப் பேசினால் குற்றம்.

அந்த ஆண்டில் பாரீஸில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஜூலை 30-இன் கனம் புரியும். 1936 ஜூன் மாதம் லியோன் பிளம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பிரான்ஸில் பதவிக்கு வந்தது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தது. அந்தக் கொண்டாட்டத்தின் சத்தம் அடங்குவதற்குள், அதே பிரான்ஸின் துப்பாக்கிகள் இங்கே எட்டு மணி நேரம் கேட்டவர்களைச் சுட்டன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று வார்த்தைகளையும் ஜூலை 14-இல் நாம் கைதட்டி வரவேற்கிறோம். அந்த வார்த்தைகள் நம் தொழிலாளிக்கும் பொருந்தும் என்று உயிரைக் கொடுத்து நிரூபித்தவர்களுக்கு ஜூலை 30-இல் ஒரு பூ வைக்கவும் நமக்கு நேரம் இருப்பதில்லை. தொழிற்சங்கத்தார் வருகிறார்கள், செங்கொடி பிடிக்கிறார்கள், மாலை வைக்கிறார்கள், முழக்கமிட்டுக் கலைகிறார்கள். ஊர் அந்த வழியாக வண்டியில் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தத் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தவர் வ. சுப்பையா. துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

1911 பிப்ரவரி 7-இல் பாண்டிச்சேரியில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில், 1933-இல், இங்கே அரிசன சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டு வைத்திருந்த காலத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி நடந்த இளைஞர்களுக்கு அவர் முன்னோடி. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். அந்த வருகையின் பின்னால் சுப்பையாவின் உழைப்பு இருந்தது. அதே 1934-இல் ‘சுதந்திரம்’ என்ற இதழை ஆரம்பித்தார். பிரெஞ்சு ஆட்சியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பத்திரிகைக்கு அந்தப் பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த இதழின் பழைய பிரதிகளை முழுசாகத் திரட்டி, ஊர்க்காரர் எவரும் போய்ப் புரட்டிப் பார்க்கும்படி ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ரத்தம் சிந்தியதோடு கதை முடிந்திருந்தால் அது சோகமாக மட்டும் நின்றிருக்கும். சுப்பையா அதை அங்கே விடவில்லை. 1936-இல் நேரு புதுச்சேரி வந்தார். அவருடைய யோசனையின் பேரில் 1937-இல் சுப்பையா பிரான்ஸுக்கே போனார். ஆள்பவனின் தலைநகரத்துக்குப் போய், அங்குள்ள இடதுசாரிகளையும் அமைச்சர்களையும் பார்த்து, பாண்டிச்சேரித் தொழிலாளியின் வழக்கை எடுத்து வைத்தார். அந்த ஆண்டில் வந்த பிரெஞ்சு அரசின் ஆணைதான் இங்கே சங்க உரிமைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் வழி திறந்தது. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாகப் பெற்றவர்கள் பாண்டிச்சேரித் தொழிலாளர்கள் என்று இன்றைக்கும் சங்க மேடைகளில் சொல்வார்கள். அது முதலா இரண்டாவதா என்று ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கட்டும். ஒன்று மட்டும் தெளிவு. கூப்பிடு தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஐம்பத்து நான்கு மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. அது நாற்பத்தெட்டாகக் குறைந்தது 1946-இல்தான். கடலூரில் இருந்த தொழிலாளிக்குப் பல ஆண்டு கழித்துக் கிடைத்ததை அரியாங்குப்பத்துத் தொழிலாளி முன்பே வாங்கினான். வாங்கிக் கொடுத்தவர்களை நாம் மறந்தோம்.

எப்படி மறந்தோம்? மெல்ல மெல்ல, சின்னச் சின்னதாக மறந்தோம்.

ரயில் நிலையத்துக்குப் போகிற சாலைக்கு சுப்பையா சாலை என்று பெயர். திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா அந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதை மிதிக்காமல் உள்ளே வர முடியாது. ஆனால் நம் வாயில் அது சவுத் பொலிவார்தான். ஆட்டோக்காரரிடம் அப்படித்தான் சொல்கிறோம், கடை விலாசத்தில் அப்படித்தான் அச்சடிக்கிறோம், வெளியூர் உறவினருக்கு வழி சொல்லும்போதும் அப்படித்தான். கடற்கரைச் சாலையை கூபேர் சாலை என்றும், பெரிய மார்க்கெட்டை கூபேர் அங்காடி என்றும் தயங்காமல் சொல்கிறோம். கூபேரும் நம் வரலாற்றில் ஒரு முக்கியமான ஆள், முதல் முதலமைச்சர். அவருக்குப் பெயர் வைத்ததில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் கூபேர் பெயர் நம் நாக்கில் ஏறிய அளவுக்கு சுப்பையா பெயர் ஏறாமல் போனதற்கு நாம்தான் பொறுப்பு. அரசு பெயர்ப்பலகை வைத்தது. அதைப் பேச்சில் வாழவைக்க வேண்டியது ஊர்.

நெல்லித்தோப்பு சிக்னலில் அவருக்குச் சிலை இருக்கிறது. பிறந்தநாளன்றும் நினைவுநாளன்றும் மாலை விழும். முதலமைச்சர் வருவார், எதிர்க்கட்சியினர் வருவார்கள், கட்சித் தோழர்கள் வருவார்கள். அரைமணி நேரத்தில் போக்குவரத்து பழையபடி ஆகிவிடும். சிக்னலில் வண்டியை நிறுத்தி நிற்கிற நம் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை, “அது யார் சிலை?” என்று கேட்டால், “யாரோ தலைவர்” என்று சொல்லிவிட்டுப் பச்சை விழுந்ததும் போகிறோம். அந்தக் குழந்தைக்குச் சொல்ல அந்த இடத்தில் அறுபது நொடி கிடைக்கிறது. எட்டு மணி நேர வேலையைப் பற்றி அறுபது நொடியில் சொல்லிவிடலாம். நாம் சொல்வதில்லை, ஏனென்றால் நமக்கே யாரும் சொல்லவில்லை.

“அவர் கம்யூனிஸ்டு ஆளு, அவங்க கட்சி பார்த்துக்கும்.” இந்த ஒரு வாக்கியத்தில் நம் மறதியின் பாதி இருக்கிறது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைச் சொல்லியிருக்கிறோம் அல்லது சொல்லக் கேட்டு தலையாட்டியிருக்கிறோம். ஒரு தலைவரை அவர் கட்சியின் சொத்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்வது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. காமராஜரைக் காங்கிரஸ் பார்த்துக்கொள்ளட்டும், ஜீவாவைக் கம்யூனிஸ்டு பார்த்துக்கொள்ளட்டும் என்ற மனது. கட்சி வளர்ந்தால் அவர் பெயரும் வளரும், கட்சி மெலிந்தால் பெயரும் மெலியும். சுப்பையாவுக்கு நடந்தது அதுதான். எட்டு மணி நேர வேலையின் பலனைக் காங்கிரஸ்காரர் வீட்டுத் தொழிலாளியும் அனுபவித்தார், திமுககாரர் வீட்டுத் தொழிலாளியும் அனுபவித்தார். நன்றி சொல்லும் வேலை மட்டும் ஒரு கட்சிக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

அவருடைய பொது வாழ்க்கை ஒரு வேலைநிறுத்தத்தோடு முடிந்ததல்ல. சிறைக்குப் போனார், பிரெஞ்சு எல்லையிலிருந்து வெளியேற்றப்பட்டார், திரும்பி வந்தார். 1946-இல் அவர் உருவாக்கிய தேசிய ஜனநாயக முன்னணி பிரெஞ்சிந்தியப் பிரதிநிதித்துவ சபைத் தேர்தலில் பெரும்பான்மை பெற்றது. 1947-இல் பாரீஸில் உள்ள குடியரசு மன்றத்துக்கு, அதாவது அன்றைய பிரெஞ்சு மேலவைக்கு, உறுப்பினரானார். பாண்டிச்சேரி மில் தொழிலாளர்களின் தலைவர் லக்சம்பர்க் அரண்மனையில் முப்பத்தாறு வயதில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். இந்தச் சித்திரம் வேறு எந்த ஊரின் கையில் கிடைத்திருந்தாலும் பள்ளிக்கூடச் சுவரில் வரைந்திருப்பார்கள். 1950-இல் பிரெஞ்சு ஆதரவுக் கும்பல் அவர் வீட்டைக் கொளுத்தியது. 1954-இல் கிராமப் பகுதிகளில் நடந்த கடைசிக் கட்டப் போராட்டத்தில் அவர் கட்சி முன்னணியில் நின்றது.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். இந்தத் தேதிகளையும் நாம் எவ்வளவு காலம் அசட்டையாக வைத்திருந்தோம்! கீழூர் மண்டபத்தில் ஆகஸ்ட் 16-இல் அரசு நிகழ்ச்சி நடக்கும். ஆனால் உண்மையில் பிரெஞ்சு ஆட்சி விலகிய நவம்பர் 1-ஐ விடுதலை நாளாக அரசு கொண்டாடத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். விடுதலை நாள் எது என்பதிலேயே இவ்வளவு தயங்கிய ஊர், விடுதலைக்கு உழைத்தவர் யார் என்று எங்கே நினைவில் வைக்கும்?

விடுதலைக்குப் பிறகு அவர் பதவி தேடி ஓடவில்லை. பெரும்பகுதி எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 1969-இல் ஃபரூக் மரைக்காயர் தலைமையில் திமுகவும் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியும் சேர்ந்து அமைத்த ஆட்சியில் அமைச்சராக இருந்தார். 1993 அக்டோபர் 12-இல் மறைந்தார். எண்பத்திரண்டு வயது. 2011-இல் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட அஞ்சல்தலை வெளியிட்டது. டில்லிக்குத் தெரிந்த அளவுக்காவது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சுப்பையாவை நாம் புகழ மறந்தது மட்டுமல்ல, விமர்சிக்கவும் மறந்தோம். 1947, 48 காலத்தில் பிரெஞ்சிந்தியக் கம்யூனிஸ்டுகள் பிரான்ஸின் கம்யூனிஸ்டுக் கட்சியோடு நெருங்கி நின்றார்கள். பிரெஞ்சு யூனியனுக்குள் தன்னாட்சி என்ற பேச்சும், உடனடி இணைப்பு என்ற பேச்சும் அப்போது மோதிக்கொண்டிருந்தன. கட்சியின் நிலை தடுமாறியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு சரி, அதற்குச் சுப்பையா சொன்ன பதில் என்ன, அன்றைய உலக நிலை அவர்களை எப்படி இழுத்தது என்று உட்கார்ந்து பேச ஆயிரம் காரணம் இருக்கிறது. ஒரு ஊர் தன் தலைவரை மதிக்கிறது என்றால் அவரோடு வாதாடவும் வேண்டும். நாம் அந்த வேலைக்கும் வரவில்லை. புகழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சிலை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தோம்.

அவர் மனைவி சரஸ்வதி சுப்பையாவும் விடுதலைப் போராட்டத்தில் நின்றவர், பெண்களைத் திரட்டியவர். சுப்பையாவையாவது ஒரு சாலையின் பெயரில் வைத்திருக்கிறோம். சரஸ்வதி அம்மாவின் பெயரைச் சொன்னால் எத்தனை வீட்டில் தெரியும்? போராட்டக்காரரின் மனைவி என்ற ஒரு வரியில் பெண்களை அடக்கிவிடுவதில் நாம் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். பஞ்சாலைகளில் கால்கடுக்க நின்று வேலை செய்த பெண்களுக்கு நேர்ந்த கதியும் இதுதான். வேலைநிறுத்த நாட்களில் சம்பளம் இல்லாமல் வீட்டு அடுப்பை எரியவைத்தது அந்தப் பெண்கள்தானே. அதைப் பற்றி எங்கே எழுதி வைத்தோம்?

பள்ளிக்கூடத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தன, மாஹே கேரளத்துப் பாடத்திட்டத்தில், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தில். இப்போது அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. எந்தப் பாடத்திட்டத்திலும் பிரெஞ்சிந்திய விடுதலை ஒரு மூலைச் செய்திதான். ஜான்சி ராணியைப் படிக்கிறார்கள், வாஞ்சிநாதனைப் படிக்கிறார்கள், படிக்கட்டும். சொந்த ஊர்ச் சாலைக்குப் பெயரான மனிதர் பாடப்புத்தகத்தில் இல்லாமல் பத்தாம் வகுப்பு முடித்து வெளியே வருகிறார்கள். இது டில்லியின் குற்றம், சென்னையின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. துணைப்பாடமாக ஒரு சிறிய புத்தகம் போட எந்தப் பாடத்திட்டமும் தடை சொல்லவில்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டவர் யார்? கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்டிருக்கிறோம், அது அவசியம். நம் ஊர் வரலாறு ஏன் இல்லை என்று கேட்டதில்லை.

புதுச்சேரி அடைக்கலம் கொடுத்த ஊர். 1908-இல் பாரதி வந்தார், பத்தாண்டு இருந்தார். 1910-இல் அரவிந்தர் வந்தார். வ.வே.சு. ஐயர் வந்தார். இதைப் பெருமையோடு சொல்கிறோம். பாரதி குடியிருந்த வீட்டை அருங்காட்சியகமாக்கினோம், நல்ல காரியம். வந்தவர்களைக் கொண்டாடிய கையோடு, இங்கேயே பிறந்து இந்த மண்ணிலேயே அடிபட்டவர்களையும் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பொக்கிஷம் என்கிறோம். அது பொக்கிஷம்தான். துபாஷியாக இருந்த ஒருவர் எழுதியதால் துய்ப்ளெக்ஸ் காலத்து ஆளுநர் மாளிகையின் உள்விவகாரம் வரைக்கும் நமக்குத் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் சுப்பையாவும் எழுதினார். பிரெஞ்சிந்திய விடுதலையின் வரலாற்றைத் தன் வாழ்க்கையின் சாட்சியமாகவே எழுதி 1990-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். எண்பதை நெருங்கிய வயதில், நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் கையால் எழுதிய நூல். அது எத்தனை வீட்டு அலமாரியில் இருக்கிறது? கடற்கரையில் துய்ப்ளெக்ஸ் சிலையின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இருக்காது.

சுற்றுலா வந்து ஊருக்குச் சோறு போடுகிறது, அதை மறுக்க முடியாது. மஞ்சள் சுவரும், காகிதப்பூக் கொடியும், நீலப் பெயர்ப்பலகையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆனால் ஊர் என்றால் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள அந்தச் சில தெருக்கள்தான் என்று வருகிறவர்கள் நினைத்தால் பரவாயில்லை. இருக்கிற நாமே அப்படி நினைக்கத் தொடங்கிவிட்டோம். கால்வாய்க்கு மேற்கே, கடலூர் சாலைப் பக்கம், ஆலைச் சங்கு ஊதி நேரம் சொன்ன ஒரு பாண்டிச்சேரி இருந்தது. அந்தச் சங்குச் சத்தத்தில்தான் நம் தாத்தா பாட்டிமார் எழுந்தார்கள், சமைத்தார்கள், படுத்தார்கள்.

அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை. 1898-இல் தொடங்கிய ரோடியர் மில்லை 1980-களில் புதுச்சேரி அரசு ஏற்றது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அதன் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. 2020-இல் அதை மூடினார்கள். சுதேசியும் பாரதியும் அப்படியே அடங்கின. மூடுவதைத் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நூல் விலை, பழைய இயந்திரம், நிர்வாகம், அரசியல் என்று பல காரணம் உண்டு. ஆனால் மூடிய நாளில் ஊர் ஒரு நிமிஷமாவது நின்றதா? பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது ஏ.எஃப்.டி. திடலில் தற்காலிகப் பேருந்து நிலையம் வந்தது. மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினோம். காலடியில் இருப்பது எந்த இடம் என்று நினைக்கவில்லை. சுதேசி மில் அருகே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு ஆர்ப்பாட்டம் நடக்கிறது. எல்லாக் கட்சியும் அங்கே மைக் பிடிக்கிறது. போலீஸ் அனுமதி கொடுக்கும் இடம் என்பதால் வருகிறார்கள். கூடிப் பேசும் உரிமையைக் கேட்டதற்காகப் பன்னிரண்டு பேர் குண்டடிபட்டுச் செத்த ஆலையின் அருகே நின்று பேசுகிறோம் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறவர்கள் மிகச் சிலர்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பாகத் தோன்றுவது கட்டடமோ சிலையோ அல்ல. 1936-இல் இருபது வயதில் ஆலையில் நின்றவர் 1990-இல் எழுபத்து நான்கு வயதில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஓடியது எப்படி, விழுந்தது யார், தூக்கியது யார், பிணத்தைக் கொடுத்தார்களா, சுப்பையா வந்து என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வீடு இருந்த காலம். சினிமாப் பாட்டுப் பதிவு செய்தோம், கல்யாண வீட்டு நாதஸ்வரம் பதிவு செய்தோம். தாத்தாவின் குரலைப் பதிவு செய்யவில்லை. தனி முயற்சியில் சிலர் அலைந்து சேகரித்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. ஆனால் முறையாக, தெருத் தெருவாகப் போய்க் கேட்டு எழுதும் வேலையை நம் கல்லூரிகள் செய்யவில்லை, சங்கங்கள் செய்யவில்லை, எழுத்தாளர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாமும் செய்யவில்லை. அந்தத் தலைமுறை போய்விட்டது. செத்த பன்னிரண்டு பேரின் பெயரைத் தடங்கலின்றிச் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள்.

எழுத்து ஆவணம் மிச்சம் இருக்கிறது. ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. பிரெஞ்சு அரசின் காகிதங்கள் அங்கேயும், தெற்கு பிரான்ஸில் எக்ஸ் நகரத்துக் காப்பகத்திலும் கிடக்கின்றன. பெரும்பாலும் பிரெஞ்சில். பிரெஞ்சு தெரிந்த ஆள் நம் ஊரில் பஞ்சமா? ஓட்டலுக்கும் விசாவுக்கும் மேற்படிப்புக்கும் பிரெஞ்சு படிக்கிறோம். அந்தப் பிரெஞ்சில் ஒரு பங்கை இந்தக் காகிதங்களுக்குக் கொடுத்தால் போதும். 1936 ஜூலையில் ஆளுநர் மாளிகையிலிருந்து பாரீஸுக்குப் போன தந்திகளையும் அறிக்கைகளையும் தமிழில் படிக்கும் நாள் வந்தால், நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் வேண்டியதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய விழாவும் பெரிய மணிமண்டபமும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சுதேசி மில் வாசலில் பன்னிரண்டு பேரின் பெயரும் வயதும் ஊரும் பொறித்த ஒரு பலகை வேண்டும், வருகிற பஸ்ஸில் இருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில். சுப்பையாவின் நூல் மலிவு விலையில் தமிழில் எல்லாப் பள்ளி நூலகத்துக்கும் போக வேண்டும். மூடிய ஆலைகளில் ஒரு கொட்டகையையாவது இடிக்காமல் விட்டு, தறியையும் நூற்புப் பொறியையும் வைத்து, தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்க வேண்டும். அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார்ந்தால் இன்னும் முப்பது வருஷம் போகும். பலகையைத் தவிர மற்றவற்றுக்குக் காத்திருக்கலாம். பலகை வைக்க வியாபாரிகள் சங்கமோ, வாசகர் வட்டமோ, பழைய மாணவர் சங்கமோ போதும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாராவது ஆலையில் வேலை பார்த்திருந்தால், பரணில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஆலை வாசல் பாஸ், சங்கச் சந்தா ரசீது, சம்பளச் சீட்டு, கருப்பு வெள்ளையில் எடுத்த வேலைநிறுத்தப் படம், ‘சுதந்திரம்’ இதழின் கிழிந்த பக்கம் என்று எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் யாருடையது, எந்த ஆலை, எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். வருகிற ஜூலை 30 அன்று காலையில் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சுதேசி மில் பக்கம் வாருங்கள்.